ஆரில் முதல் டாஷ்போர்டு: நான்கு நாளாக வெள்ளைத் திரை மட்டும்தான் வருகிறது

கோன்வைண்டர் · செவ்வாய், இரவு 9.52

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 24 ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மெஷின்), 3 ஷிப்ட். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் எந்த ஃபிரேமில் எத்தனை இழை அறுந்தது என்று மெஷின் திரையைப் பார்த்து எக்செல்லில் ஏற்றுவோம். திங்கட்கிழமை காலை முழுக்க அதை வைத்து பிவட், சார்ட் என்று உருட்டி மேனேஜருக்கு அனுப்புவதிலேயே போய்விடும், மதியம் அவர் "சரி, இதில் இரவு ஷிப்ட் மட்டும் காட்டு" என்பார், திரும்ப முதலில் இருந்து.

இரண்டு மாதமாக ஆர் என்ற நிரல் மொழி படிக்கிறேன். ஃபைலைப் படிப்பது, வடிகட்டுவது, ஜிஜிபிளாட்டில் படம் போடுவது வரை கை பழகிவிட்டது. அடுத்தது டாஷ்போர்டு, அதாவது படமும் எண்ணும் ஒரே திரையில், என்று ஒரு வீடியோவைப் பார்த்து, ஆரில் அதைக் கட்ட உதவும் ஷைனி தொகுப்பில் இறங்கினேன். மேலே நீலப் பட்டை, இடது பக்கம் மெனு, ஆறு கலர் பெட்டி, ஐகான் எல்லாம் வந்துவிட்டது. 300 வரி ஆகிவிட்டது. சார்ட் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளை. எரர் கூட வரவில்லை, வந்தாலாவது தேடிப் பார்ப்பேன். நான்கு நாள் போய்விட்டது. தெரிந்தவர்கள் எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள், நான் தலைகீழாகத் தொடங்கிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

சராசரி மனிதன் · செவ்வாய், இரவு 10.05

முதலில் வெள்ளைத் திரை. திரை அமைப்புப் பகுதியில் பிளாட்அவுட்புட் என்று போட்டு அதற்குள் ஒரு பெயர் கொடுத்திருப்பீர்கள், கணக்கு ஓடும் சர்வர் பகுதியில் அவுட்புட், டாலர் குறி, அப்புறம் ஒரு பெயர் எழுதியிருப்பீர்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா? ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து உட்பட. ஒன்றில்லை என்றால் ஷைனி எரர் எதுவும் காட்டாது, வெறும் இடத்தை விட்டுவிட்டுப் போய்விடும்.

கோன்வைண்டர் · செவ்வாய், இரவு 10.11

அதேதான்!! ஒரு இடத்தில் முதல் எழுத்து பெரியது. நான்கு நாள்.

சார்ட் வந்துவிட்டது. ஆனால் ஷிப்ட் மாற்றினால் படம் மாறவில்லை, பெட்டியில் உள்ள எண் மட்டும் மாறுகிறது. எங்கே தொடங்குவது என்று நான் கேட்ட இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறது.

பழைய ஏணி · செவ்வாய், இரவு 11.30

தம்பி, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள், அந்த 300 வரியை அப்படியே மூடி வையுங்கள். தூக்கி எறிய வேண்டாம், ஒரு ஃபோல்டரில் கிடக்கட்டும்.

நீங்கள் பார்த்த வீடியோவில் நீலப் பட்டையும் ஐகான் மெனுவும் இருந்தது என்றால் அது அநேகமாக ஷைனிடாஷ்போர்டு தொகுப்பு. 2015ல் வந்தது, அந்தக் காலத்தில் நானும் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதேன். இணையத்தில் பாதிப் பாடங்கள் இன்னும் அதில்தான் இருக்கின்றன, ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஆனால் அது பூட்ஸ்ட்ராப் 3 என்ற பழைய வலைப்பக்க வடிவமைப்பின் மேல் நிற்கிற வீடு. இன்று புதிதாகத் தொடங்குபவர் பிஎஸ்லிப் தொகுப்பைப் பிடித்துக்கொள்வது நல்லது. பேஜ் சைட்பார், கார்டு, வேல்யூ பாக்ஸ் என்று மூன்று ஃபங்ஷன் தெரிந்தால் உங்கள் வேலைக்குத் தேவையான திரை வந்துவிடும், ஃபோனில் பார்த்தாலும் கலையாமல் தானே அடுக்கிக்கொள்ளும்.

ஆனால் திரையை இப்போது தொடாதீர்கள். வீடு கட்டும்போது பெயின்ட் கலரை முதலில் தேர்ந்தெடுத்தவர் மாதிரி ஆகிவிட்டது உங்கள் கதை. நான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் வழி இதுதான்.

நீங்கள் ஆர் எழுதும் ஆர்ஸ்டூடியோ மென்பொருளில் புதிய ஃபைல் மெனுவில் ஷைனி வெப் ஆப் என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் ஒரு சின்ன மாதிரி தானாக எழுதி வரும்: அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் தரவு, 272 வரிசை, ஒரு ஹிஸ்டோகிராம், ஒரு ஸ்லைடர். ஸ்லைடர் 1 முதல் 50 வரை, தொடக்கம் 30. எல்லோரும் இதை ஒருமுறை ஓட்டிப் பார்த்து "அடடா" என்று மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். 30 என்பதை 10 ஆக்குங்கள், ஓட்டுங்கள். தலைப்பை மாற்றுங்கள், ஓட்டுங்கள். ஸ்லைடரின் பெயரை ஒரு இடத்தில் மட்டும் மாற்றி வேண்டுமென்றே உடையுங்கள், என்ன எரர் வருகிறது என்று படியுங்கள். ஒரு கமாவை எடுத்துப் பாருங்கள், ஒன்றைக் கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். நிதானமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் உடைத்தால், பின்னால் பதற்றத்தில் உட்காரும் பத்து மணி நேரம் மிச்சம்.

அடுத்தது, ஷைனி இல்லாமல் ஒரு சாதாரண ஸ்கிரிப்ட். உங்கள் மில் தரவு இப்போது வேண்டாம், அதில் உங்களுக்கு ஏற்கெனவே விடை தெரியும் என்ற நினைப்பு இருக்கும், தப்பு வந்தாலும் கண்ணில் படாது. ஆரோடு கூடவே வரும் ஏர்குவாலிட்டி தரவை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 1973ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை தினசரி ஓசோன், சூரிய ஒளி, காற்று வேகம், வெப்பம். 153 நாள், 6 நெடுவரிசை, அவ்வளவுதான். ஓசோன் அளந்தது ரூஸ்வெல்ட் தீவில், காற்றும் வெப்பமும் லாகார்டியா விமான நிலையத்தில், சூரிய ஒளி சென்ட்ரல் பார்க்கில். வெப்பம் ஃபாரன்ஹீட்டில் இருக்கும், பயப்படாதீர்கள்.

ஒரே ஒரு கேள்வி: எந்த மாதத்தில் ஓசோன் அதிகம்? இதற்கு ஒரு படம், ஒரு எண், பத்துப் பதினைந்து வரி ஸ்கிரிப்டில். அது ஓடினால் அதில் எந்த ஒரு சொல்லை மாற்றினால் வேறு மாதம் வரும் என்று பாருங்கள். அந்தச் சொல் இருக்கிற இடத்தில்தான் ஷைனியின் இன்புட் வந்து உட்காரப்போகிறது. டாஷ்போர்டு என்பது ஓடுகிற ஒரு ஸ்கிரிப்டில் இரண்டு மூன்று ஓட்டை போட்டு அதில் பொத்தானைச் செருகுவது. ஸ்கிரிப்டே ஓடாதபோது எதில் செருகுவீர்கள்?

ரீஸ்டார்ட் · புதன், காலை 7.15

இவ்வளவு பாடு எதற்கு? பைத்தானில் செய்தால் வேலை முடிந்தது. இந்தக் காலத்தில் யார் ஆர் படிக்கிறார்கள்.

சராசரி மனிதன் · புதன், காலை 7.40

வந்துவிட்டார். அவர் இரண்டு மாதம் ஆர் படித்துவிட்டுத்தான் கேட்கிறார், முதலில் இருந்து வேறு மொழி படி என்பது பதில் இல்லை. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் புள்ளியியல் வேலைக்கென்றே எழுதிய மொழி இது, சராசரி எடுத்துப் படம் போடுவதற்கு இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. அப்புறம், ஷைனியே 2022 முதல் பைத்தானுக்கும் இருக்கிறது. உள்ளே இருக்கும் யோசனை ஒன்றுதான். இங்கே கற்றுக்கொண்டால் அங்கேயும் உதவும். இந்தச் சண்டைக்குத் தனி விவாத இழை இருக்கிறது, அங்கே போய்விடலாம்.

கோன்வைண்டர் · புதன், இரவு 9.20

ஏணி அண்ணா, நீங்கள் சொன்னபடி வெந்நீர் ஊற்றை உடைத்து உடைத்துப் பார்த்தேன். கமா விட்டால் என்ன வரும், அடைப்புக்குறி விட்டால் என்ன வரும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், என் பையன் நான் படிக்கிறேன் என்று சிரிக்கிறான்.

ஏர்குவாலிட்டி ஸ்கிரிப்டும் ஓடிவிட்டது. அதை ஷைனிக்குள் கொண்டுபோகும்போது இரண்டு எரர் மாறி மாறி வருகிறது. ஒன்று, "ஆபரேஷன் நாட் அலவ்டு வித்தவுட் அன் ஆக்டிவ் ரியாக்டிவ் கான்டெக்ஸ்ட்". அதைச் சரிசெய்ய ரியாக்டிவ் என்று போட்டேன், உடனே "ஆப்ஜெக்ட் ஆஃப் டைப் க்ளோஷர் இஸ் நாட் சப்செட்டபிள்". முதலாவது பாதியாவது புரிகிறது. இரண்டாவது திட்டுகிறதா பாராட்டுகிறதா என்றே தெரியவில்லை.

மஞ்சள் கட்டம் · புதன், இரவு 10.02

அண்ணா, நான் சொல்கிறேன், நான் எக்செல்லில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவள், எனக்கு இது புரிந்த விதம் உங்களுக்கும் ஒத்து வரும்.

எக்செல்லில் ஏ1 கட்டத்தில் ஒரு எண் இருக்கிறது. பி1ல் ஏ1 இன் இரு மடங்கு என்று ஃபார்முலா. சி1ல் பி1 கூட்டல் 10. ஏ1ஐ மாற்றினால் மற்ற இரண்டும் தானே மாறும், நீங்கள் போய் "மாறு" என்று சொல்வதில்லை. ஷைனியும் இதேதான். இன்புட் என்பது ஏ1. ரியாக்டிவ் என்பது பி1, நடுவில் இருக்கும் கணக்கு. ரெண்டர்பிளாட் என்பது சி1, கடைசியில் கண்ணுக்குத் தெரிவது. எது எதை நம்பி இருக்கிறது என்று ஷைனி தானே குறித்து வைத்துக்கொள்ளும்.

ஆக முதல் எரருக்கு அர்த்தம்: ஏ1இன் மதிப்பை நீங்கள் ஃபார்முலா இல்லாத இடத்தில் கேட்கிறீர்கள். சர்வர் ஃபங்ஷனுக்குள் நேரடியாக, எந்த ரியாக்டிவுக்கும் எந்த ரெண்டருக்கும் உள்ளே இல்லாமல், இன்புட்டைத் தொட்டிருக்கிறீர்கள். அங்கே வைத்தால் அது எப்போது திரும்ப ஓட வேண்டும் என்று ஷைனிக்குத் தெரியாது, அதனால் மறுக்கிறது. நேற்று ஷிப்ட் மாற்றினால் படம் மாறவில்லை என்றீர்களே, அந்தப் படத்துக்கான தரவை வடிகட்டும்போது இன்புட்டுக்குப் பதிலாக ஷிப்ட் பெயரையே எழுதி வைத்திருப்பீர்கள், பழைய ஃபைலைத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது எரர் எல்லோரையும் ஒருமுறை கடிக்கும். ரியாக்டிவ் என்று எழுதியவுடன் உங்கள் கையில் இருப்பது தரவு இல்லை, தரவைச் செய்து கொடுக்கும் ஒரு ஃபங்ஷன். அதனால் அதைப் பயன்படுத்தும்போதெல்லாம் பெயருக்குப் பின்னால் வெறும் அடைப்புக்குறி திறந்து மூட வேண்டும். அதை மறந்து நேராக டாலர் குறி போட்டு ஓசோனை எடு என்றால், "இது ஃபங்ஷன், இதிலிருந்து எதை எடுப்பது?" என்று ஆர் கேட்கிறது. க்ளோஷர் என்பது ஃபங்ஷனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். வடிகட்டும் வேலையை ஒரு ரியாக்டிவில் ஒரே தடவை செய்யுங்கள். படம், பட்டியல், பெட்டி மூன்றும் அதையே கூப்பிடட்டும். மூன்று இடத்திலும் தனித்தனியாக வடிகட்டினால் ஒரு நாள் இரண்டை மாற்றிவிட்டு மூன்றாவதை மறப்பீர்கள். உங்கள் பழைய 300 வரியில் நடந்தது அதுதான் என்று பந்தயம் கட்டுகிறேன். அப்புறம் ஃபைலைப் படிக்கும் வரி சர்வர் ஃபங்ஷனுக்கு வெளியே, மேலே இருக்கட்டும். உள்ளே இருந்தால் ஒவ்வொருவர் திறக்கும்போதும் எக்செல்லைப் புதிதாகப் படிக்கும்.

கோன்வைண்டர் · புதன், இரவு 10.25

அக்கா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். மூன்று இடத்தில் வடிகட்டி இருந்தேன், படத்துக்கு மட்டும் "பகல்" என்று கையால் எழுதியே வைத்திருந்தேன்.

இப்போது ஓடுகிறது! மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் படம் மாறுகிறது, மேலே பெட்டியில் சராசரி ஓசோன். முதலில் பெட்டியில் வெறும் என்ஏ (மதிப்பு இல்லை) என்று வந்தது, தேடிப் பார்த்து விடுபட்டதை ஒதுக்கும் வாய்ப்பைப் போட்டேன், சரியாகிவிட்டது. மே 23.6, ஜூன் 29.4, ஜூலை 59.1, ஆகஸ்ட் 60.0, செப்டம்பர் 31.4. ஜூனைவிட ஜூலையில் இரட்டிப்பாகிறது. சரிதானே?

சராசரி மனிதன் · புதன், இரவு 11.10

எண் சரி. பெட்டி தப்பு. இந்த இழையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ஏ வந்தது, ஒதுக்கினேன், சரியாகிவிட்டது என்கிறீர்கள். எத்தனையை ஒதுக்கினீர்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? 153 நாளில் ஓசோன் இல்லாத நாள் 37. அதுவாவது பரவாயில்லை, நாலில் ஒரு பங்கு. மாதவாரியாக எண்ணுங்கள். மே, ஜூலை, ஆகஸ்ட் மூன்றிலும் 26 நாள் அளவு இருக்கிறது, செப்டம்பரில் 29. ஜூனில் 9. முப்பது நாளில் ஒன்பதே நாள். விடுபட்ட 37இல் 21 ஜூன் தலையில்தான் விழுந்திருக்கிறது.

உங்கள் பெட்டியில் ஜூனின் 29.4ம் ஆகஸ்டின் 60.0ம் ஒரே அளவு எழுத்தில், ஒரே கலரில் இருக்கும். பார்க்கிறவர் இரண்டையும் ஒரே மாதிரி நம்புவார். ஸ்கிரிப்டில் இருந்தபோது என்ஏ வந்து உங்களைத் தடுத்தது, நீங்கள் அந்த ஒரே எச்சரிக்கையையும் அணைத்துவிட்டு மேலே பளபளவென்று பெட்டி போட்டுவிட்டீர்கள். டாஷ்போர்டு கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வது இது, நான் என் பழைய வேலையில் இதே காரியத்தைச் செய்து, ஒரு கூட்டம் முழுக்க நான்கு நாள் தரவை வைத்து ஒரு கிளையைத் திட்டித் தீர்த்ததை மூலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். சராசரிக்குக் கீழே சின்ன எழுத்தில் "30 நாளில் 9 நாள் அளவு" என்று காட்டுங்கள். பாதிக்கும் குறைவாக இருந்தால் பெட்டியைச் சாம்பல் நிறமாக்குங்கள். படத்தில் சராசரிப் பட்டைக்குப் பதிலாக நாள் ஒவ்வொன்றையும் புள்ளியாக வையுங்கள், ஜூன் காலியாகக் கிடப்பது தானே தெரியும். ஆகஸ்ட் 25ல் 168 என்று ஒரு புள்ளி எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நிற்கும், அதுவும் தெரியும். சராசரி மட்டும் காட்டினால் இரண்டுமே மறைந்துபோகும். என் பெயரே சராசரி மனிதன், நானே சொல்கிறேன்.

இதை உங்கள் மில்லுக்குக் கொண்டுபோனால் இன்னும் ஆழமாகப் போகும். நீங்கள் காட்டுவது ஷிப்டுக்கு எத்தனை இழை அறுந்தது என்ற மொத்த எண்ணா, அல்லது 100 ஸ்பிண்டில் மணி நேரத்துக்கு (நூல் சுற்றும் கதிர்களின் எண்ணிக்கையை ஓடிய மணி நேரத்தால் பெருக்கியது) எத்தனை என்ற வீதமா?

கோன்வைண்டர் · வியாழன், காலை 6.10

மொத்த எண். இரவு தூங்கவில்லை, ஷிப்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். வீதம் லேபில் தனியாகப் போடுவோம், ஆனால் மேனேஜருக்குப் போகும் ஷீட்டில் மொத்தம்தான், அவர் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

நீங்கள் சொன்னதும் ஒன்று உறைத்தது. ஒரு ஃபிரேமில் 1008 ஸ்பிண்டில். 8 மணி நேரம் முழுதாக ஓடினால் 8064 ஸ்பிண்டில் மணி நேரம். அதில் 200 அறுந்தால் நூற்றுக்கு 2.48. இன்னொரு ஃபிரேம் பராமரிப்புக்காக நின்று 3 மணி நேரம்தான் ஓடியது என்றால் 3024. அதில் 90 அறுந்தால் நூற்றுக்கு 2.98. என் ஷீட்டில் 200 சிவப்பு, 90 பச்சை. உண்மையில் கவனிக்க வேண்டியது அந்தப் பச்சை ஃபிரேமைத்தான். முதல் ஃபிரேமில் அறுந்த இழையை ஒட்டும் சைடர் அக்கா எத்தனை தடவை பேச்சு வாங்கியிருப்பார் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

ஃபிரேம் ஓடிய நேரம் எக்செல்லில் ஒரு நெடுவரிசையாக இருக்கவே இருக்கிறது. யாரும் அதைத் தொட்டதில்லை, அவ்வளவுதான்.

பழைய ஏணி · வியாழன், காலை 8.45

நான் பேச வேண்டியதைச் சராசரி பேசிவிட்டார். உங்கள் தரவுக்குப் போகலாம் தம்பி, இப்போது தயாராகிவிட்டீர்கள்.

பனங்கூடல் · வியாழன், மாலை 5.30

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். என் வரைபடத்தில் தலைப்பும் அச்சுப் பெயர்களும் தமிழில்தான் வேண்டும். என் கணினியில் சரியாக வருகிறது, வேறு கணினியில் ஓட்டினால் எல்லாம் சதுரப் பெட்டி. இன்னொரு பழைய மடிக்கணினியில் பெட்டி கூட இல்லை, கோண அடைப்புக்குறிக்குள் யு, கூட்டல் குறி, ஏதோ எண்கள் என்று வருகிறது.

மஞ்சள் கட்டம் · வியாழன், இரவு 8.50

இரண்டும் இரண்டு வியாதி.

அந்தக் கோண அடைப்புக்குறி எண்கள், விண்டோஸில் பழைய ஆர் என்பதற்கு அடையாளம். ஆர் 4.2, அதாவது 2022 ஏப்ரலில் வந்ததில் இருந்துதான் விண்டோஸ் 10இலும் அதற்குப் பிந்தியதிலும் எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 இயல்பான முறை ஆனது. அதற்கு முன்பு நாங்கள் தமிழ் நெடுவரிசைப் பெயரை வைத்துப் பட்ட பாடு தனிக் கதை. ஆரைப் புதுப்பியுங்கள், போய்விடும்.

சதுரப் பெட்டி என்றால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், நிறுவிவிட்டு ஜிஜிபிளாட் தீமில் அந்தப் பெயரைக் கொடுங்கள். ஆனால் இதோடு முடியாது. எழுத்துரு இருந்தும் சில சமயம் "கொ" என்பதில் கொம்பு இடம் மாறி, கால் தனியாக நிற்கும். படம் வரையும் கருவிக்கு எழுத்துகளை இணைத்துப் போடத் தெரியவில்லை என்று அர்த்தம். ஷோடெக்ஸ்ட் தொகுப்பைப் பலர் சொல்வார்கள், தமிழுக்கு அதில் இந்தத் தொல்லை உண்டு. ராக் தொகுப்பை நிறுவி அதன் வழியாகப் படத்தை வரையுங்கள், அது எழுத்து இணைப்பைச் சரியாகச் செய்கிறது. இல்லையென்றால் பிளாட்லி தொகுப்பைப் பயன்படுத்துங்கள், அது பிரவுசரிலேயே வரைவதால் பிரவுசரின் தமிழே வந்துவிடும்.

பனங்கூடல் · வியாழன், இரவு 9.40

ராக் போட்டேன், கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது. மிக்க நன்றி அக்கா.

கோன்வைண்டர் · சனி, இரவு 8.15

மில் தரவில் ஷைனி செயலி ஓடிவிட்டது. 90 வரிதான். ஷிப்ட், தேதி, ஃபிரேம் என்று மூன்று தேர்வு, ஒரு புள்ளிப்படம், இரண்டு பெட்டி, எல்லாம் வீதத்தில்.

இப்போது அடுத்த சுவர். இதை மேனேஜருக்கு எப்படிக் கொடுப்பது? அவர் கம்ப்யூட்டரில் ஆர் இல்லை, அவர் கம்ப்யூட்டரையே தொடுவது இல்லை, ஃபோன்தான். சர்வர் வாங்க மில்லில் காசு கேட்டால் சிரிப்பார்கள். வெளியே இணையத்தில் ஏற்றவும் எனக்கு மனசு இல்லை, கம்பெனித் தரவு.

பழைய ஏணி · சனி, இரவு 9.30

இந்தக் கேள்வியை எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள், நானும் கடைசியில்தான் கேட்டேன்.

ஷைனி செயலி என்றால் எங்கோ ஒரு இடத்தில் ஆர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் ஆர்ஸ்டூடியோவை மூடினால் கடை மூடிவிட்டது. ஷைனிஆப்ஸ் தளத்தில் ஏற்றலாம், நான் பயன்படுத்திய காலத்தில் இலவசத் திட்டத்தில் 5 செயலி, மாதம் 25 மணி நேரம் என்று வரம்பு, பழகுவதற்கு நல்லது, ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள் தரவு வெளியே போகக்கூடாது என்று. மில்லுக்குள் ஒரே வைஃபையில் இருப்பவர்களுக்கு என்றால் செயலியை ஓட்டும் ரன்ஆப் கட்டளை கொடுக்கும்போது ஹோஸ்ட் என்ற இடத்தில் நான்கு பூஜ்ஜியம், நடுவில் புள்ளி வைத்து, போர்ட் ஒரு எண் கொடுத்தால், உங்கள் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைப் போட்டு அவர் ஃபோனில் திறக்கலாம். ஃபயர்வால் கேட்கும், ஐடி ஆளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பூட்டு எதுவும் கிடையாது, முகவரி தெரிந்த யாரும் பார்க்கலாம். அதோடு ஒரு ஆர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும், கனமான கணக்கு ஒருவருக்கு ஓடும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும்.

ஆனால் உங்களுக்கு ஷைனி வேண்டுமா என்றே எனக்குச் சந்தேகம். தரவு எப்போது மாறுகிறது? ஷிப்டுக்கு ஒரு தடவை. மேனேஜர் என்ன கேட்கிறார்? இரவு ஷிப்ட் மட்டும் காட்டு. மூன்றே ஷிப்ட், மூன்று டேப் போட்டால் முடிந்தது. கோடையும் எழுத்தையும் சேர்த்து அறிக்கையாக்கும் குவார்ட்டோ மென்பொருளில் 1.4 பதிப்பில் இருந்து, 2024 ஜனவரியில் வந்தது, டாஷ்போர்டு என்று ஒரு வடிவமே இருக்கிறது. ஃபைலின் தலையில் ஃபார்மட் டாஷ்போர்டு என்று எழுதுகிறீர்கள், ஒரு தலைப்பு ஒரு பக்கம், உள்தலைப்பு ஒரு வரிசை, ஒவ்வொரு கோட் துண்டும் ஒரு கார்டு. ரெண்டர் செய்தால், அதாவது ஓட்டி முடித்தால், பிரவுசரில் திறக்கும் ஒரு எச்டிஎம்எல் ஃபைல் வரும், அதற்கு ஆரும் வேண்டாம் சர்வரும் வேண்டாம், மெயிலில் அனுப்பலாம். பழைய பாடங்களில் ஃப்ளெக்ஸ்டாஷ்போர்டு என்று பார்த்தால் அதுவும் கிட்டத்தட்ட இதே யோசனை, 2016ல் வந்தது.

ஒரு எச்சரிக்கை, எம்பெட் ரிசோர்சஸ் என்பதை ட்ரூ ஆக்க மறக்காதீர்கள். மறந்தால் எச்டிஎம்எல் ஃபைலுக்குப் பக்கத்தில் ஒரு ஃபோல்டர் உருவாகும், நீங்கள் ஃபைலை மட்டும் அனுப்புவீர்கள், அங்கே அலங்காரம் எதுவும் இல்லாமல் எலும்புக்கூடு திறக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் அழகாக இருக்கும்.

ஷைனி படித்தது வீண் இல்லை. 24 ஃபிரேமையும் தேதிவாரியாகக் குடைந்து பார்ப்பது லேபில் உங்கள் வேலை, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரீஸ்டார்ட் · ஞாயிறு, காலை 10.20

நான் அன்றைக்குக் கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஒரு துப்பு தருகிறேன்: விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் அந்த ரெண்டர் கட்டளையைக் காலை 6.30க்கு வைத்துவிடுங்கள், நீங்கள் வருவதற்குள் ஃபைல் தயாராக இருக்கும். ஃபைல் இருக்கும் இடத்தை எழுதும்போது விண்டோஸின் பின்சாய்வுக் கோட்டை அப்படியே ஒட்டாதீர்கள், ஆர் அதை வேறு மாதிரிப் படித்துவிட்டுத் திட்டும், முன்சாய்வாக மாற்றுங்கள்.

கோன்வைண்டர் · அடுத்த புதன், இரவு 9.05

திங்கள் காலை 7 மணிக்கு அனுப்பிவிட்டேன். மேனேஜர் ஃபோனில் திறந்தார், கொஞ்ச நேரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். முதல் கேள்வியே "7ஆம் ஃபிரேம் ஏன் சாம்பல் கலரில் இருக்கிறது?". மூன்று மணி நேரம்தான் ஓடியது, எண்ணை முழுதாக நம்ப வேண்டாம் என்று காட்ட அப்படி வைத்தேன் என்றேன். "அப்படியானால் ஏன் மூன்று மணி நேரம்தான் ஓடியது?" என்று பராமரிப்புப் பிரிவுக்கு ஃபோன் போட்டுவிட்டார். எனக்கு அங்கே இப்போது நல்ல பெயர் இல்லை.

இன்று காலை மட்டும் ஒரு சிக்கல். தேதி அச்சில் தேதிக்குப் பதிலாக நாற்பத்தைந்தாயிரம், நாற்பத்தாறாயிரம் என்று எண்கள் வருகின்றன. நான் ஸ்கிரிப்டைத் தொடவே இல்லை.

மஞ்சள் கட்டம் · அடுத்த புதன், இரவு 9.18

தேதி நெடுவரிசையில் யாரோ தேதி அல்லாத ஒன்றை எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் மொத்த நெடுவரிசையும் எழுத்து என்று எடுத்துக்கொண்டு, எக்செல் உள்ளே வைத்திருக்கும் நாள் எண்ணை அப்படியே கொடுக்கிறது. 45658 என்றால் 2025 ஜனவரி 1. எண்ணாக மாற்றி, ஏஸ் டேட் ஃபங்ஷனில் ஆரிஜினை 1899 டிசம்பர் 30 என்று கொடுத்தால் தேதி திரும்ப வந்துவிடும். ஆனால் அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்துத் திருத்துங்கள் முதலில்.

கோன்வைண்டர் · அடுத்த புதன், இரவு 9.31

கண்டுபிடித்துவிட்டேன். 212ஆம் வரிசை. தேதி இருக்க வேண்டிய இடத்தில் "கரண்ட் இல்லை" என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான், அதாவது நான் டைப் செய்ததுதான்.